இயற்கை எய்துவோர்

பிப்ரவரி 9

அத்தானுக்கு,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்தல் தெரிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே அளந்துதான் தாள் தருகிறார்கள். வேறு தாள் கேட்டால் ஏன், எதற்கு என்று பத்துக் கேள்வி வரும்.

உறையில் என் எழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டிருப்பீர்கள். போடவில்லை என்றால் மேலே படியுங்கள். ஓர் உதவி கேட்கத்தான் எழுதுகிறேன். கேட்க வாய் கூசுகிறது. கைக்கு அந்தக் கூச்சம் கொஞ்சம் குறைவு.

சிறையிலிருந்தபடியே தபால் வழியில் முதுகலை படிக்கலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். பட்டம் முடித்தவன் என்பதால் எனக்குத் தகுதி உண்டு. என்ன பாடம் வேண்டும் என்று கேட்டார்கள். 'பொதுக் கொள்கையும் மனித வளமும்' என்று சொன்னேன். அக்கா பாதியில் விட்ட படிப்பு. 'விட்ட' என்று எழுதுவதும் தப்புதான். அதற்கு வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

வெளியே ஒருவர் பொறுப்பேற்க வேண்டுமாம். புத்தகம் அனுப்ப வேண்டும். நான் எழுதும் பயிற்சித் தாள்களைப் பல்கலைக்கழகத்துக்குச் சேர்க்க வேண்டும். அவர் உறவுக்காரராக இருக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். எனக்கிருந்த ஒரே உறவு அக்கா. அவள் வழியாக நீங்கள்.

ஏன் இந்தப் படிப்பு என்று கேட்பீர்கள். கடைசியில் அவளும் நானும் பேசிக்கொள்ளவில்லை. நான் தொழிற்சாலைச் சங்கத்தில் சேர்ந்ததும் அவளை 'நிர்வாகத்து ஆள்' என்று சொன்னேன். அதுவும் சாப்பாட்டு மேசையில், உங்கள் எதிரிலேயே. அவள் என்ன படித்தாள், என்ன நினைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். கேட்க ஆள் இல்லை. அவள் படித்த புத்தகங்கள் உங்களிடம் இருக்கின்றன.

முடியாது என்றால் பதில் எழுத வேண்டாம். எனக்குப் புரியும்.

வாத்தி


பிப்ரவரி 27

கைதிக்கு,

எழுத்துத் தமிழ் எனக்கு வராது. பேசற மாதிரிதான் எழுதுவேன். படிச்சுட்டு உதட்டோரமா சிரிக்கிற வேலை வேண்டாம்.

உன் லெட்டரை நான் கிழிக்கலை. ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போய் இரும்பு தேய்க்கிற கிரைண்டர்ல வச்சேன். ஓரம் கருகிச்சு. என்னமோ தோணிச்சு, நிறுத்திட்டேன். இப்பல்லாம் எனக்கு அப்படித்தான். எதையாவது ஆரம்பிப்பேன், பாதியில நின்னுடும். பல்லு தேய்க்கிறது கூட.

உதவின்னு எழுதியிருக்கே. நீ எனக்குப் பண்ணின உதவியைச் சொல்றேன், கேட்டுக்கோ.

வேலை செஞ்சுக்கிட்டே பாடுவாரே நம்ம பாட்டுக்காரர், அவர் தகடு அழுத்தற மூணாம் நம்பர் பிரஸ்ல நசுங்கிச் செத்த மறுநாள் காலையில, ஹெச்.ஆர். ஆபீசரா இருந்த உங்க அக்கா அந்த நோட்டீஸை ஒட்டினா. ஆள்ல பாதியை வெட்டுன்னு தலைமை ஆபீஸ்ல சொன்னாங்க. அவ மாட்டேன்னா. வாரக்கணக்கா மல்லுக்கட்டினா. 'யாரையும் அனுப்ப வேண்டாம், தானா வேலையை விட்டுப் போறவங்க இடத்துக்கு மட்டும் புது ஆள் எடுக்காம இருங்க, அது போதும்'னு சம்மதிக்க வச்சா. அதுக்கு அவ புத்தகத்துல 'நேச்சுரல் அட்ரிஷன்'னு பேரு. அதைத் தமிழ்ல எழுதணும். உன்னைத் தமிழ்ல படிக்க வச்ச உங்கப்பா, அவளைப் பெரியப்பா வீட்டுல விட்டு வேற மொழியில படிக்க வச்சார். எதை எழுதினாலும் உன்கிட்ட காட்டித்தான் ஒட்டுவா. அந்தத் தடவை உங்க ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அவளா அகராதியைப் புரட்டி எழுதினா. 'இயற்கை எய்துவோரின் இடங்கள் மட்டும் நிரப்பப்பட மாட்டா.'

இயற்கை எய்தறதுன்னா சாகிறதுன்னு அவளுக்குத் தெரியாதுடா. அழகான வார்த்தைன்னு நினைச்சிருக்கா.

போர்டு முன்னாடி கூட்டம். பாட்டுக்காரரோட ரத்தத்தை அப்பதான் கழுவி விட்டிருந்தாங்க, தரை காயக்கூட இல்லை. 'வாத்தி, சத்தமா படி'ன்னாங்க. நீ படிச்சே. அவ என்ன சொல்ல வந்தான்னு அந்தக் கூட்டத்துல உனக்கு மட்டும்தான் தெரியும். நீ அங்க இருந்ததை இருந்தபடியே படிச்சே. 'இயற்கையா? பிரஸ்ல நசுங்கினது இயற்கையா?'ன்னு எவனோ கத்தினான். அவ்வளவுதான்.

அவ ரூம் வாசல்ல தீயணைக்கிற சிலிண்டர் ஒண்ணு, சிவப்பு கலர். அதைச் சுவத்துல மாட்டினவன் நான். ஸ்குரூ முறுக்கினதும் நான்தான். ஒருத்தன் அதை உருவியிருக்கான். முதல்ல கண்ணாடி, அப்புறம் கதவு, அப்புறம் அவ. ஆஸ்பத்திரியில முகத்தை எனக்குக் காட்டலை. 'வேற அடையாளம் இருக்கா'ன்னு கேட்டாங்க. முழங்கையில அயர்ன் பாக்ஸ் சுட்ட தழும்பைப் பாத்துக் கையெழுத்துப் போட்டேன்.

கோர்ட்ல அத்தனை பேரும் 'நாங்க பாக்கலை'ன்னு சொன்னீங்க. நீ கூட்டத்துக்குப் பின்னால, ஆபீஸ் வாசப்படியில நின்னே. நீ பாத்தே. கூட்டத்தைத் தூண்டினதா உன்னை உள்ள போட்டாங்க, கூட நாலு பேர் அடிதடிக்குப் போனாங்க. சிலிண்டரைத் தூக்கினவன் வெளியில நடமாடறான். தினம் எனக்கு வணக்கம் வச்சாலும் வைப்பான்.

புத்தகம் வேணும்ல? அனுப்பறேன். தகடு வெட்டற மெஷின்ல போட்டு மூணா வெட்டிட்டேன். முதல் துண்டு இதோட வருது. மீதி வேணும்னா எனக்கு ஒரு பேரு வேணும். ஒரே ஒரு பேரு. அதை வச்சு என்ன பண்ணுவேன்னு கேக்காதே, உனக்குத் தெரியும்.


மார்ச் 20

அத்தானுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். காரணம் பின்னால்.

முதல் துண்டு வந்தது. பிரித்த காவலர் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னய்யா, கேக்கு மாதிரி வெட்டி அனுப்பியிருக்காங்க? இதைப் படிச்சா எங்க சம்பளம் ஏறுமா?" என்றார். "கொள்கை மாறினா ஏறும் சார்" என்றேன். "அப்ப சீக்கிரம் படி" என்றார். உள்ளே பிளேடு இருக்கிறதா, பொடி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். கடிதத்தைப் படிக்க அவருக்குச் சோம்பல். அதனால் தாராளமாகத் திட்டலாம்.

முதல் அத்தியாயத்தில் ஒரு வட்டம் வரையச் சொல்கிறார்கள். ஒரு முடிவால் யாருக்கெல்லாம் லாபமோ நட்டமோ, அவர்களை எல்லாம் அந்த வட்டத்தில் எழுத வேண்டும். யாருக்கு அதிகாரம் இருக்கிறதோ அவரை நடுவில் வைக்க வேண்டும். நான் நம் தொழிற்சாலைக்கு வரைந்தேன். தலைமை அலுவலகம், சங்கம், பாட்டுக்காரர் குடும்பம், நான், நீங்கள். அக்காவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நடுவில் வைத்தால் பொய். அதிகாரம் அவளிடம் இல்லை. ஓரத்தில் வைத்தாலும் பொய். எல்லா அடியும் அவள்மேல்தான் விழுந்தது.

'ஆட்குறைப்புக்கு மாற்று' என்ற பக்கத்தின் ஓரத்தில் அவள் பென்சிலால் எழுதியிருக்கிறாள்: 'இதுக்கு தமிழ்ல என்ன? தம்பிய கேட்கனும்.' மூன்று சுழி ண போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி ன. திருத்தப் பென்சிலை எடுத்தேன். அப்புறம் கீழே வைத்துவிட்டேன்.

கைக்கு வருகிறேன். நம் ஆட்கள் நாலு பேரும் இதே கட்டடத்தில்தான் இருக்கிறார்கள். பார்சல் வந்த அன்று, தட்டுக் கழுவும் இடத்தில், "மேடம் வீட்டுலேர்ந்து பார்சல் வருதாமே. என்னடா வாத்தி, பேரை எழுதி வித்துட்டு இருக்கியா?" என்று சூழ்ந்துகொண்டார்கள். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் என் வலது கையை இரும்புக் கதவு இடுக்கில் வைத்துச் சாத்தினான். மறுபடி திறந்து, மறுபடி சாத்தினான். மூன்று விரல் எலும்பு போயிற்று. குச்சி உடைகிற சத்தமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஈரத் துணியைப் பிழிகிற சத்தம்தான் வந்தது. "வழுக்கி விழுந்தேன்" என்று எழுதிக் கொடுத்தேன்.

பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்குப் பயந்து அல்ல. சங்க விசுவாசமும் இல்லை, அது உள்ளே வந்த முதல் வாரத்திலேயே செத்துவிட்டது. நான் பெயர் சொன்னால் நீங்கள் அவனைக் கொல்வீர்கள். அப்புறம் உங்களையும் இங்கேதான் கொண்டு வந்து அடைப்பார்கள். நான் ஒரு தடவை வாய் திறந்து படித்ததில் ஓர் உயிர் போயிற்று. மறுபடி வாய் திறந்து இன்னும் இரண்டு உயிர் போக வேண்டுமா?

மீதியை அனுப்பாவிட்டால் பரவாயில்லை. இருப்பதையே திரும்பப் படிப்பேன்.

வாத்தி


ஏப்ரல் 18

வாத்திக்கு,

ரெண்டாவது துண்டை அனுப்பறேன். பல்கலைக்கழகத்துக்குக் கட்ட வேண்டியதையும் கட்டிட்டேன். விரலுக்குன்னு நினைச்சுக்கோ. என் பார்சலாலதான் உடைஞ்சது. ஆனா அதுக்காக உன் மேல இருக்கிற கோவம் குறைஞ்சுடுச்சுன்னு நினைக்காதே.

அந்தப் பென்சில் எழுத்து இருக்கிற பக்கத்தைப் பாக்காம அனுப்பிட்டேன். திருப்பி அனுப்பு. இல்லை, வேண்டாம். வச்சுக்கோ. இனிமே அனுப்பறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கமா பாத்துட்டுதான் அனுப்பறேன். பாக்கிற சாக்குல படிக்கவும் படிக்கிறேன். 'எக்ஸிட் இன்டர்வியூ'ன்னு ஒரு அத்தியாயம். வேலையை விட்டுப் போறவனை உக்கார வச்சு உண்மையைக் கேக்கணுமாம். போகப்போறவனுக்குப் பயம் கிடையாது, அதனால பொய் சொல்ல மாட்டானாம். எந்த மகாராசன் எழுதினானோ.

ஒரு விஷயம் சொல்லணும். நான் ஒருத்தனை அடிச்சுட்டேன்.

சரக்குத் தூக்கற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவன், அந்த வளவளன்னு பேசற ஆள், ஞாபகம் இருக்கா? தீ விபத்து நடந்தா என்ன செய்யணும்னு கேன்டீன்ல ஒரு வகுப்பு வச்சாங்க. அவன் சிலிண்டரை எடுத்துத் தோள்ல வச்சுக்கிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டு ஒரு சுத்து நடந்தான். எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் என்னைப் பாத்தான். டக்குன்னு கீழ வச்சுட்டான். அந்த முழி. இவன்தான்னு முடிவு பண்ணிட்டேன். மேசையில இருந்த எவர்சில்வர் ஜக்கை எடுத்து வாயிலயே போட்டேன். விழுந்தவன் மேல ஏறி உக்காந்து இன்னும் போட்டேன். ஜக்கு சப்பையாயிடுச்சு. அவன் தாடை ஒரு பக்கமா தொங்குது, பல்லு என் சட்டைப் பையில கிடக்குது. எனக்கு ஒண்ணுமே தோணலை. எங்கயோ மோட்டார் ஓடற சத்தம் மாதிரி கேட்டுச்சு. அது நான் கத்தினதாம்.

சம்பவம் நடந்த அன்னைக்கு அவன் லீவு. பொண்டாட்டிக்குப் பிரசவம். ஆஸ்பத்திரியில குழந்தையைக் கையில வச்சுக்கிட்டு நின்னிருக்கான்.

புதுசா வந்திருக்கிற ஹெச்.ஆர். சின்னப் பையன். விசாரணையில என்னைப் பாத்து, "சார், இதைச் 'சீர்குலைக்கும் நடத்தை'ன்னு பதிவு பண்ணலாமா?" ன்னு என்கிட்டயே அனுமதி கேக்கறான். "தம்பி, கொலை முயற்சின்னு போடு"ன்னேன். அவன் பேனாவைக் கீழ வச்சுட்டான். ஃபோர்க்லிஃப்ட்காரன் கம்பி போட்டுக் கட்டின வாயோட, "அவரை விட்டுடுங்க, அவர் நிலைமையில நானா இருந்தாலும்..." னு ஏதோ சொல்லி புகாரை வாபஸ் வாங்கிட்டான். அதுக்கு அவன் என்னைத் திருப்பி அடிச்சிருக்கலாம்.

கேன்டீன்ல என்னைப் பிடிச்சு இழுத்தது சைலன்சர் அண்ணன். பேசவே மாட்டார்னு நீங்க வச்ச பேருதானே அது. பிரஸ்ல டைங்கற அச்சை மாத்தற வேலை அவருக்கு. பாட்டுக்காரரைத் துண்டு துண்டா பிரஸ்லேர்ந்து வெளிய எடுத்ததும் அவர்தான். பாவம், ரெண்டு பேருக்கும் இருபது வருஷப் பழக்கம். உங்க அக்காவைத் தூக்கிட்டுப் போனப்பவும் ஒரு பக்கம் அவர் தோள் கொடுத்தார். இப்ப சாயங்காலம் வீட்டுக்கு வரார், டிபன் கேரியரோட. எதிர்ல உக்காருவார். 'மனசைத் தேத்திக்கோ'ன்னு சொல்லாத ஒரே மனுஷன். நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பாத்துட்டு, கேரியரை எடுத்துட்டுப் போயிடுவார்.

அடுத்த மாசக் கடைசியில மூணாம் நம்பர் பிரஸ்ஸை மொத்தமா பிரிக்கிறோம். உள்ள இறங்கறது நானும் அவரும் மட்டும்தான். உள்ள கை விடறதுக்கு முன்னாடி மெயின் சுவிட்ச்ல ஆளுக்கொரு பூட்டுப் போடணும், அவனவன் சாவி அவனவன் பையில இருக்கணும், அதான் விதி. நாங்க ஒரு பூட்டோட நிறுத்திட்டோம். அவர் போட்டா நான் நம்பறேன், நான் போட்டா அவர் நம்பறார்.

இன்னொருத்தனைத் தப்பா அடிக்கிறதுக்குள்ள பேரைச் சொல்லிடு. அடுத்தவனுக்குத் தாடையோட போகாது.


மே 2

அத்தானுக்கு,

இதோடு ஒரு பயிற்சித் தாள் வைத்திருக்கிறேன். பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். 'நீங்கள் அறிந்த ஒரு பணியிட மோதலை ஆராய்க. யார் காரணம் என்று எழுதாமல் எது காரணம் என்று எழுதுக.' அப்படித்தான் கேள்வி.

எதைப் பற்றி எழுதியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். அனுப்பும் முன் படித்துப் பாருங்கள். கிழிக்கத் தோன்றினால் கிழித்துவிடுங்கள்.

கை உள்ளே போனால் பிரஸ்ஸைத் தானாக நிறுத்தும் விளக்கு, மூன்றாம் நம்பரில் எரியவில்லை. அதை மாற்றச் சொல்லி நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தீர்கள். அக்கா அதை மேலே அனுப்பியிருந்தாள். அடுத்த காலாண்டுக்குத் தள்ளி வையுங்கள் என்று தலைமை அலுவலகம் பதில் போட்டது. அதே வாரம்தான் ஆட்குறைப்பு உத்தரவும் வந்தது. இரண்டிலும் ஒரே ஆளின் கையெழுத்து, கோர்ட்டில் காட்டினார்கள். அந்த ஆள் நம் தொழிற்சாலையை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கூட்டம் அவரைத் தேடிப் போகவில்லை. எங்கே இருக்கிறார் என்றே யாருக்கும் தெரியாது. எட்டின தூரத்தில் இருந்தது அக்காவின் கதவு.

'எது காரணம்' என்பதற்கு இதையெல்லாம் எழுத முடிந்தது. எழுதி முடித்ததும் ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எனக்கே பிடிக்கவில்லை. விளக்கும் உத்தரவும் எல்லாம் சரி. ஆனால் சிலிண்டருக்குக் கால் முளைத்து அது தானாக நடக்கவில்லை. நோட்டீசும் தன்னைத் தானே சத்தமாகப் படித்துக்கொள்ளவில்லை. இந்தப் படிப்பு ஓர் எல்லை வரைதான் வருகிறது. அதைத் தாண்டி நாம்தான் போக வேண்டியிருக்கிறது.

ஃபோர்க்லிஃப்ட்காரர் அன்றைக்கு அங்கே இல்லவே இல்லை. எனக்குத் தெரிந்திருந்தும் சொல்லாமல் இருந்தேன். அவர் தாடையிலும் எனக்குப் பங்கு இருக்கிறது.

இனி எழுதப்போவதை எழுத வேண்டாம் என்று பல தடவை பேனாவை வைத்துவிட்டேன். நீங்கள் பேரம் பேசியபோது சொல்லவில்லை. விரல் உடைந்தபோதும் சொல்லவில்லை. இப்போது உங்கள் உயிருக்குப் பயந்து எழுதுகிறேன். நீங்கள் தேடுகிறீர்கள் என்பது சிலிண்டரை எடுத்தவருக்குத் தெரியும். கேன்டீனில் நேரிலேயே பார்த்திருக்கிறார்.

அத்தான், அவரோடு பிரஸ்ஸுக்குள் இறங்காதீர்கள். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் உங்கள் பூட்டை நீங்களே போடுங்கள். சாவியை உங்கள் பையிலேயே வையுங்கள்.

போலீசுக்குப் போங்கள். நான் சாட்சி சொல்கிறேன். நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம். காலில் விழுந்து கேட்கிறேன்.

வாத்தி


ஜூன் 3

மச்சான்,

பேரைச் சொல்லாமலே சொல்லிட்டே.

உன் லெட்டர் வந்த அன்னைக்குச் சாயங்காலமும் அவன் வந்தான். கேரியரைத் திறந்து வச்சான். நான் சாப்பிட்டேன்டா. ஒரு பருக்கை விடாம சாப்பிட்டேன். நான் சாப்பிடறதை அவன் பாத்துக்கிட்டு இருந்தான். அவன் ஏன் தினம் வரான்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது. போலீசுக்குப் போகலை. பிரஸ் பிரிக்கிற நாள் வர்ற வரைக்கும் காத்திருந்தேன்.

நீ சொன்ன மாதிரி என் பூட்டை நானே போட்டேன். அவன் பாத்தான். இத்தனை நாள் ஒரு பூட்டு, இன்னைக்கு ரெண்டு. அதுலயே அவனுக்குத் தெரிஞ்சு போச்சு.

"அண்ணே, சிலிண்டரை எடுத்தது நீங்கதானே?" ன்னேன்.

அவன் ஸ்பேனரைத் துடைச்சு டூல் பாக்ஸ்ல வச்சான். தன்னோட பூட்டைக் கழட்டினான். சாவியை என் உள்ளங்கையில வச்சு, என் விரலை அவனே மடக்கினான். அப்புறம் டைக்கு நடுவுல, பாட்டுக்காரர் நசுங்கின அதே இடத்துல, தலையை உள்ள விட்டு, வலது தோள் மேல இருக்க ஒருக்களிச்சுப் படுத்துட்டான்.

நான் என் பூட்டையும் கழட்டினேன். மேலேர்ந்து அழுத்தற இரும்புப் பாளம், அந்த ரேம், இறங்காம முட்டுக் கொடுத்திருந்த கட்டையை எடுத்தேன். சுவிட்சைப் போட்டேன். அந்த ரேம் எத்தனை டன்னுன்னு உனக்குத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமா இறக்கற பட்டன் ஒண்ணு இருக்கு, ஒரு தட்டு தட்டினா விரல் கனம் இறங்கும். தட்டினேன். நிறுத்தினேன். தட்டினேன். அவன் கண்ணை மூடிக்கலை. தோள்பட்டையில வந்து உக்காந்துச்சு. இன்னொரு தட்டு தட்டினேன். எலும்பு போச்சு. நீ சொன்னது சரிதான், குச்சி சத்தம் இல்லை. ஈரத் துணிதான்.

அப்பதான் அவன் வாயைத் திறந்தான். கத்துவான்னு நினைச்சேன். பேசினான். வாழ்நாள் முழுக்கப் பேசாததை மொத்தமா பேசினான். உன் புத்தகத்துல இருக்கே, போகப்போறவன் பொய் சொல்ல மாட்டான்னு. அதை நான் நடத்தினேன்னு வச்சுக்கோ.

"முந்தின நாள்தான் பாட்டுக்காரனை வாரி எடுத்தேன். கையில வாசனை போகலை. நோட்டீஸ்ல என்ன எழுதினாங்க, செத்தவன் இடத்துக்கு ஆள் எடுக்க மாட்டோம்னு. கதவை உடைக்கத்தான் போனேன். கதவை அவங்களே திறந்துட்டாங்க" ன்னான்.

உள்ள ஒளிஞ்சிருந்தாள்னுதான் நான் இத்தனை நாளா நினைச்சுட்டு இருந்தேன். இல்லையாம். கண்ணாடி உடைஞ்சதும் அவளே எழுந்து வந்து கதவைத் திறந்திருக்கா. கையில அந்த நோட்டீஸோட நகல்.

"என்ன சொன்னா?" ன்னு கேட்டேன். விரல் பட்டன் மேலதான் இருந்துச்சு.

"'தப்பா எழுதிட்டேன் போல. என் தம்பியைக் கூப்பிடுங்க, அவன் சரியா படிச்சுச் சொல்லுவான்'னாங்க. எனக்கு அது காதுல விழுந்துச்சு. விழுந்ததுக்கு அப்புறமும் அடிச்சேன்."

இதை உனக்குச் சொல்லலாமா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சேன். உன்னைக் கொல்றதுக்குச் சொல்றேனா, இல்லை வேற எதுக்காவதான்னு எனக்கே தெரியலை. ஆனா அவ கடைசியாக் கூப்பிட்டது உன்னை. அது உன்னோடது. நான் வச்சுக்க முடியாது.

இன்னும் ஒரே ஒரு தட்டு. அவனும் 'தட்டு'ன்னுதான் சொன்னான். விரல் அழுத்தப்போச்சு மச்சான், பொய் சொல்லலை. அப்ப ஒண்ணு தோணுச்சு. அவ கடைசியா பேசினது உலகத்துல ஒரே ஒரு காதுலதான் விழுந்திருக்கு. அந்தக் காது இந்த ரேமுக்குக் கீழ இருக்கு. இவன் போயிட்டா அந்த வார்த்தையைக் கேட்ட ஆளே கிடையாது.

ரேமை அப்படியே நிறுத்தினேன். சுவிட்சை அணைச்சேன். என் பூட்டையும் அவன் பூட்டையும் போட்டு ரெண்டு சாவியையும் என் பையில போட்டுக்கிட்டேன். அவனால நகரவும் முடியாது, சாகவும் முடியாது. வெளிய போய் அந்தச் சின்னப் பையன் ஹெச்.ஆரைக் கூட்டிட்டு வந்தேன், போலீசைக் கூப்பிடச் சொன்னேன். பையன் பாத்துட்டு அங்கயே வாந்தி எடுத்தான். ஆனா ஓடலை. ரேமுக்குக் கீழ கிடந்தவன் பக்கத்துல மண்டி போட்டு உக்காந்து, வாயில தண்ணி விட்டான். போலீஸ் வந்ததும், "இப்ப சொன்னதை மறுபடி சொல்லுங்க அண்ணே"ன்னேன். ஒரு வார்த்தை மாத்தாம சொன்னான். அப்புறம்தான் பூட்டைத் திறந்தேன்.

அவனுக்கு வலது தோள் இனிமே எழும்பாதாம். கேஸ் ஆரம்பமாகுது. உன்னையும் சாட்சிக்குக் கூப்பிடுவாங்க. அதனால உன்னை வேற கட்டடத்துக்கு மாத்தச் சொல்லி மனு கொடுத்திருக்கோம். என் மேலயும் கேஸ் இருக்கு. இப்போதைக்கு ஜாமீன். வக்கீல் பாத்தா உள்ள போறது நிச்சயம்ங்கற மாதிரி பாக்கறார். புத்தகத்தோட மூணாவது துண்டைத் தபால்ல அனுப்பலை. நேர்லயே கொண்டு வந்து கொடுத்தாலும் கொடுப்பேன். நாலு பேரும் பக்கத்துல வந்தா சொல்லு, இரும்புக் கதவு எப்படிச் சாத்தறதுன்னு எனக்கும் தெரியும்.

உன் பயிற்சித் தாளை அனுப்பிட்டேன். கிழிக்கலை. அந்த விளக்கு விஷயத்தை எழுதினது நல்லது.

ஒரே ஒரு வேலை பாக்கி. போர்டுல அவ நோட்டீஸ் ஒட்டின இடம் இன்னும் காலியா இருக்கு, பசை மட்டும் காஞ்சு போயிருக்கு. அவ எழுத நினைச்சதை நீ சரியா எழுதி அனுப்பு. ஒட்டிட்டுத்தான் உள்ள வருவேன்.

அத்தான்


ஜூன் 19

அன்புள்ள அத்தான்,

இந்தத் தடவை அடிக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டி என்னால் வெகுநாள் போக முடியவில்லை. எந்த வரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சாட்சிக்கு வருவேன். அதையும் சொல்வேன். கேட்கிறவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வேன்.

விரல்கள் மடங்குகின்றன. கீழே இருப்பது வலது கையால் எழுதியது. ஒட்டும்போது யாராவது படித்துக் காட்டச் சொன்னால், சத்தமாகப் படியுங்கள்.

அறிவிப்பு

நம் தொழிற்சாலையில் யாரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டோம். தாமாக விரும்பி வேலையை விட்டுப் போகிறவர்களின் இடங்களுக்கு மட்டும் புதிதாக ஆள் எடுக்க மாட்டோம்.

இதில் எது புரியவில்லை என்றாலும் என் அறைக்கு வந்து கேளுங்கள். கதவு திறந்திருக்கும்.

மனித வள அலுவலர்